இன்போசிஸ் பங்கும் ஒரு நாள் வியாபாரமும்

காலையில் வாங்கி மாலைக்குள் விற்று, அல்லது இன்று வாங்கி நாளை மறுநாள் விற்று, அதில் கிடைக்கும் சில ரூபாய் வித்தியாசத்தைக் கொண்டே ஜீவனம் நடத்திவிடலாம் என்ற நம்பிக்கை நம் இளைஞர்களிடையே வேகமாகப் பரவி வருகிறது. அப்படி இறங்குகிறவர்களில் சற்று நிதானமுள்ளவர்கள், ஊர் பேர் தெரியாத கம்பெனிகளின் பங்கைத் தொடாமல், இன்போசிஸ் போன்ற பிரசித்தி பெற்ற ஸ்தாபனத்தின் பங்காகப் பார்த்துத் தேர்ந்துகொண்டு, கம்பெனி நல்ல கம்பெனியாக இருப்பதால் தங்கள் வியாபாரமும் நல்ல வியாபாரமாகவே இருக்கும் என்று தைரியம் கொள்கிறார்கள். இந்தத் தைரியத்துக்கு ஆதாரம் இல்லை என்பதே என் திடமான அபிப்பிராயம்.

2023 ஏப்ரல் 13, வியாழக்கிழமை. அன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு மும்பைச் சந்தை மூடிய பிறகு, இன்போசிஸ் தன் காலாண்டுக் கணக்கை வெளியிட்டது. லாபம் ஆறாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட அதிகந்தான். ஆயினும், வருகிற ஆண்டில் வருமானம் நான்கு முதல் ஏழு சதவிகிதம் வரையே வளரும் என்று நிர்வாகம் சொன்ன ஒரு வார்த்தை, சந்தை எதிர்பார்த்திருந்ததைவிட மிகவும் குறைவாக இருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை, அம்பேத்கர் ஜயந்தி; சந்தைக்கு விடுமுறை. நமக்குச் சித்திரைப் பிறப்பும்கூட. அடுத்து சனி, ஞாயிறு. அமெரிக்காவில் நியூயார்க் சந்தையில் இதே கம்பெனியின் பங்குகள் கைமாறிச் சரிந்துகொண்டிருக்க, வியாழக்கிழமை மத்தியானம் 'ரிசல்ட்டுக்கு ஏறும், திங்களன்று விற்றுவிடலாம்' என்று இங்கே வாங்கிவைத்தவன் மூன்று நாட்கள் ஒன்றும் செய்ய இயலாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தான். திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்குச் சந்தை திறந்தபோது விலை படிப்படியாக இறங்கவில்லை. வியாழக்கிழமை நின்ற இடத்துக்கும் திங்கட்கிழமை தொடங்கிய இடத்துக்கும் நடுவே ஒரு பெரும் பள்ளம் விழுந்திருந்தது. அன்று மாலை சந்தை முடிகையில் பங்கு ஒன்பது சதவிகிதத்துக்கு மேல் வீழ்ந்திருந்தது.

'ஸ்டாப் லாஸ் போட்டு வைத்தால் பயமில்லை' என்று இந்தத் துறையில் புதிதாகப் புகுகிற ஒவ்வொருவருக்கும் போதிக்கப்படுகிறது. இன்ன விலைக்குக் கீழே போனால் தானாகவே விற்றுவிடு என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் அந்த உத்தரவு, சந்தை நடந்துகொண்டிருக்கும்போது ஓரளவு காப்பாற்றும் என்பது உண்மை. ஆனால் அன்றன்றைக்கு இடும் உத்தரவு அன்று மாலையோடு செத்துவிடுகிறது. மறுநாள் விலை பள்ளத்தைத் தாண்டிக் கீழே போய்த் தொடங்குமானால், நாம் குறித்துவைத்த விலையில் வாங்குவதற்கு அங்கே ஒருவரும் நிற்பதில்லை. இது ஏதோ ஒரு தடவை நேர்ந்த அபூர்வம் என்று எண்ணுகிறவர்கள் அந்தப் பங்கின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். 2003 ஏப்ரலில் ஒரே நாளில் கால் பங்குக்கு மேல் வீழ்ந்தது; 2013 ஏப்ரல் 12 அன்று ஐந்தில் ஒரு பங்கு கரைந்தது; 2017 ஆகஸ்டில் தலைமை அதிகாரி விஷால் சிக்கா ராஜினாமா செய்த நாளிலும், 2019 அக்டோபரில் கணக்குகளைப் பற்றிய பெயரில்லாப் புகார் ஒன்று வெளியானதை அடுத்துச் சந்தை திறந்த நாளிலும் இதே கதை. இத்தனைக்கும் பிறகு கம்பெனி நிலைத்துத்தான் நின்றது. நிற்காமல் போனவர்கள், கடன் வாங்கிய பணத்தோடு அந்த நாட்களில் அகப்பட்டுக்கொண்டவர்களே.

விலை வீழ்வதையாவது எல்லோரும் காண்கிறார்கள். நாள்தோறும் சொட்டுச் சொட்டாக ஒழுகிப் போகிற பணத்தைக் காண்பவர் சிலரே. ஒருவர் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் விலையில் நூறு பங்குகள் வாங்கி அன்றே விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்கும்போது இருபது, விற்கும்போது இருபது என்று தரகு. விற்ற தொகைமீது பரிவர்த்தனை வரி முப்பத்தேழரை ரூபாய். அதற்குமேல் சந்தைக் கட்டணம், முத்திரைத் தீர்வை, தரகின்மேல் ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய நூறு ரூபாய். அதாவது, விலை பங்குக்கு ஒரு ரூபாய் ஏறினால்தான் அவர் போட்ட பணம் குறையாமல் திரும்பும். அதற்கு மேற்பட்டதே லாபம். இது அற்பத் தொகை என்று தோன்றலாம். ஆனால் இந்த ஒன்றரை லட்ச ரூபாய் வியாபாரத்துக்கு அவர் கையிலிருந்து போடுவது முப்பதாயிரம் மட்டுமே. மீதி, அன்றைய பொழுதுக்குத் தரகர் தரும் வசதி. ஆண்டுக்குச் சுமார் 250 வர்த்தக நாட்கள். தினம் ஒரு முறை வாங்கி விற்றாலே இருபத்தையாயிரம் ரூபாய் செலவிலேயே போய்விடுகிறது. முப்பதாயிரம் முதலுக்கு இருபத்தையாயிரம் செலவு! எந்த மளிகைக் கடைக்காரராவது இத்தகைய வாடகைக்கு ஒரு கடையை எடுப்பாரா?

இதில் நஷ்டமே மிகுதி என்பது வெறும் ஊகமன்று. சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23ஆம் ஆண்டில் ஒரே நாளில் வாங்கி விற்ற தனிமனிதர்களில் பத்துக்கு ஏழு பேர் நஷ்டமடைந்தனர். ஆண்டுக்கு ஐந்நூறு தடவைக்கு மேல் வியாபாரம் செய்தவர்களிடையே நஷ்டப்பட்டவர்கள் பத்துக்கு எட்டாக உயர்ந்தார்கள். அனுபவம் கூடக்கூட லாபமும் கூடும் என்ற சாமானிய எதிர்பார்ப்பு இங்கே தலைகீழாகிறது. அதைவிட என் மனத்தை வருத்துவது வேறொரு கணக்கு: இவ்வகை வியாபாரிகளில் முப்பது வயதுக்குட்பட்டவர்கள் நான்கே ஆண்டுகளில் 18 சதவிகிதத்திலிருந்து 48 சதவிகிதமாகப் பெருகியிருக்கிறார்கள். படித்து, ஒரு தொழிலில் கால் ஊன்றி, முதல் சேமிப்பைச் சேர்க்க வேண்டிய வயது அது. அந்தச் சேமிப்புதான் இப்படிக் கரைகிறது.

குறுகிய கால வியாபாரிகளே இல்லாவிட்டால் பங்கு வேண்டியபோது வாங்கவும் விற்கவும் ஆள் அகப்படாது என்று சொல்வார்கள்; அது நியாயமான வாதமே. அவர்களில் லாபம் காண்கிறவர்களும் உண்டு. நெடுங்காலம் வைத்திருப்பது ஒன்றே சகல ரோக நிவாரணி என்றும் நான் சொல்ல வரவில்லை. 1993இல் தொண்ணூற்றைந்து ரூபாய் வீதம் நூறு இன்போசிஸ் பங்குகளை வாங்கியவர், போனஸாகவும் பங்குப் பிரிப்பாகவும் வந்தவை எல்லாவற்றையும் விற்காமல் வைத்திருந்தால், 2018க்குப் பிறகு அவரிடம் 1,02,400 பங்குகள் இருந்திருக்கும் என்பது எவ்வளவு பிரத்தியட்சமோ, அதே மென்பொருள் துறையில் அதே மதிப்போடு விளங்கிய சத்யம் கம்பெனியின் பங்கு 2009 ஜனவரி 7 அன்று, அதன் தலைவரே கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டதும், ஒரே நாளில் முக்கால் பங்குக்கு மேல் அழிந்தது என்பதும் அவ்வளவு பிரத்தியட்சம். ஆனாலும், முதலாமவர் கம்பெனியின் உழைப்பில் பங்கு கொண்டார். அந்த உழைப்பு பலன் தர வருஷங்கள் வேண்டும். பதினைந்து நிமிஷத்தில் வாங்கி விற்கிறவருக்கு அந்த உழைப்பில் எந்தப் பாத்தியதையும் இல்லை. எதிரே நிற்கும் இன்னொருவரின் தவறு ஒன்றே அவருடைய வருமானம். எதிரே நிற்பவரோ பல சமயம் ஒரு பெரிய நிதி ஸ்தாபனத்தின் கணிப்பொறி.

எச்சரிக்கையே செய்யப்படவில்லை என்றும் கூற முடியாது. பங்கின் வருங்கால விலைமீது ஒப்பந்தம் செய்யும் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரத்தில் பத்துக்கு ஒன்பது பேர் நஷ்டப்படுகிறார்கள் என்ற வாசகத்தை, வாடிக்கையாளர் உள்ளே நுழையும்போதே காட்ட வேண்டும் என்று 2023இல் செபி தரகர்களுக்குக் கட்டளையிட்டது. நல்ல நோக்கந்தான். ஆனால் அதைப் படிக்கிற ஒவ்வொருவனும் தன்னை அந்தப் பத்தாவது ஆளாகவே கருதிக்கொள்கிறான். பிறர் நஷ்டம் எவன் மனத்தையும் சுடுவதில்லை. ஆகவே, பொதுவான வாசகத்தோடு நிறுத்தாமல், அந்த வாடிக்கையாளர் இந்த நிதியாண்டில், எல்லாச் செலவும் கழித்து, இதுவரை எவ்வளவு இழந்தார் அல்லது பெற்றார் என்ற ஒரே ஓர் எண்ணை, 'வாங்கு' என்ற பொத்தானுக்கு மேலேயே காட்டும்படி செபி விதிக்க வேண்டும்; ஒரே நாள் பங்கு வியாபாரத்துக்கும் அது பொருந்த வேண்டும். கணக்கு முழுவதும் தரகரிடமே இருக்கும்போது இதைச் செய்வதில் யாதொரு சிரமமும் இல்லை.

அந்த விதி வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இந்த வியாபாரத்தில் ஈடுபட்டிருக்கும் வாசகர்கள், இன்றே தங்கள் தரகரின் தளத்திலிருந்து சென்ற ஆண்டின் லாப நஷ்டக் கணக்கை இறக்கி, செலவுகளைக் கழித்த கடைசி வரியைப் படித்துப் பார்த்து, அதன் பிறகு நாளைக் காலை வாங்குவதா வேண்டாமா என்று தீர்மானிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.