செம்புன்னு சொல்லி அலுமினியத்தைத் தலையில கட்டறாங்க சாமியோவ்!

மோட்டார் வாங்கப் போனா "காப்பர் வைண்டிங்கா, அலுமினிய வைண்டிங்கா?"ன்னு மொதக் கேள்வியே கேக்கற ஊருங்க நம்முளுது. 1937லயே ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செஞ்ச சீமை. கெணத்து மோட்டார் விசயத்துல நம்ம பெரியநாயக்கன்பாளையத்துக்காரன ஒருத்தனும் ஏமாத்த முடியாது.

அதே ஆளு வீட்டுக்கு 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இழுக்கறாரு. ரௌட்டர்ல இருந்து கம்ப்யூட்டருக்குப் போற கேபிளை மட்டும் "ஏதோ ஒண்ணு குடுங்க"ன்னு வாங்கிட்டு வந்துடறாரு. என் வயித்தெரிச்சலே இதாங்க.

அந்த "ஏதோ ஒண்ணு" பல நேரம் சிசிஏ. அதாவது அலுமினியக் கம்பி மேல லேசா செம்பு பூசினது. வெளிய "கேட் 6"ன்னு பளபளன்னு அச்சடிச்சிருப்பான். ஆனா கேட் 5இ, கேட் 6 தரவிதிப்படி உள்ள இருக்க வேண்டியது முழுச் செம்பு. சிசிஏ போட்டுட்டு கேட் 6ன்னு எழுதினா அது சுத்தப் பொய்.

என்ன கெட்டுப்போச்சுங்கறீங்களா? அதே தடிமன்ல செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மின்தடை. வளைச்சு வளைச்சு இழுத்தா சீக்கிரம் ஒடியும். தோட்டத்துச் சாளைக்கு கேமரா மாட்டி, இதே கேபிள்ல கரண்ட்டும் அனுப்பினா, தூரம் போகப்போக வோல்டேஜ் விழும், கம்பியும் சூடாகும்.

இன்னொரு கூத்து. 1 ஜிபிபிஎஸ் போகோணும்னா நாலு ஜோடி, எட்டுக் கம்பியும் வேலை செய்யோணும். 100க்கு ரெண்டு ஜோடி போதும். ஒரு கம்பி ஒடிஞ்சா பல நேரம் நெட்டு நிக்காது, சத்தமில்லாம 100க்கு எறங்கிக்கும். நாம மாசாமாசம் 300க்குக் காசு கட்டிட்டு, போன்ல கஸ்டமர் கேர் புள்ளையத் திட்டிட்டு இருப்போம்!

"சிசிஏ பாதி விலைதானே, எங்கூட்டுல நல்லாத்தானே ஓடுது?"ம்பீங்க. ஓடும். மேசை மேல ரெண்டு மீட்டர் கேபிள் ஓடத்தான் செய்யும். செவுத்துக்குள்ள பைப்புல விட்டுப் பூசினது அப்படியா? இருவது வருசத்துக்குப் போடறது. செவுத்த ஒடைக்கற கூலியில செம்புக் கேபிளே நாலு தடவை வாங்கலாம்.

சரி, ஒசத்தியா வாங்கறேன்னு கெளம்பறவங்களுக்கு அடுத்த வலை: கேட் 7, கேட் 8. ஜிகாபிட்டுக்கான தரவிதி வந்தது 1999ல. கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரைக்கும் அதைத் தாங்கும். கேட் 6 இன்னும் ஒருபடி மேல, 55 மீட்டர் வரைக்கும் 10 ஜிபிபிஎஸ் போகும். கேட் 7ஐ அமெரிக்க டிஐஏ தரவிதி ஏத்துக்கவே இல்ல. கேட் 8 டேட்டா சென்டருக்குள்ள 30 மீட்டர் ஓடறதுக்குன்னு வந்தது. நம்மூட்டு ஹாலுக்கு எதுக்குங்க அது? பால் வாங்கப் போறதுக்கு லாரி வேணுமா?

ஆக நம்பரைப் பாக்காதீங்க, கம்பியைப் பாருங்க. நுனியை பிளேடால சொரண்டுங்க. உள்ளயும் செவப்பா இருந்தா செம்பு, வெள்ளையா தெரிஞ்சா அலுமினியம். 305 மீட்டர் பெட்டின்னா தூக்கிப் பாருங்க. செம்பு அலுமினியத்தைவிட மூணு மடங்குக்கு மேல அடர்த்தி, கையே சொல்லிரும். பில்லுல "முழு காப்பர்"னு எழுதித் தரச் சொல்லுங்க. மேட்டுப்பாளையம் ரோட்டுல ஒரு கடையில நான் இதைக் கேட்டதுக்கு, "அதெல்லாம் எழுத மாட்டோங்க"ன்னுட்டாரு. பொருள் என்னன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. கும்பிடு போட்டுட்டு எறங்கிட்டேன்.

அலுமினியம் விக்கறது குத்தமில்லீங்க. அலுமினியம்னு சொல்லி, அலுமினிய விலைக்கு வித்துட்டுப் போங்க. செம்புன்னு சொல்லி விக்காதீங்க. மோட்டாருக்குக் கேக்கற கேள்வியை கேபிளுக்கும் நாம கேக்க ஆரம்பிச்சா, கடைக்காரரு தானா வழிக்கு வருவாரு.

டிஸ்கி: எந்த கேபிள் கம்பெனியும் எனக்கு ஒரு டீ கூட வாங்கிக் குடுத்ததில்ல. கும்மறவங்க தாராளமா வந்து கும்முங்க, ஆனா அதுக்கு முன்னாடி உங்கூட்டு கேபிளை ஒருக்கா சொரண்டிப் பாத்துட்டு வாங்க :-)