கறுப்பு பீருக்கு எதற்கு வெனிலா?

ஸ்டவுட் என்கிற கறுப்பு பீரை முதல்முறை குடித்துவிட்டு "அட, காபி வாசனை வருதே!" என்று வியக்காத ஆள் குறைவு. சாதாரண ஸ்டவுட்டில் காபி ஒரு துளிகூடக் கிடையாது. 1817-ல் டேனியல் வீலர் என்கிற ஆங்கிலேயர், மால்ட்டை உருளையில் போட்டுக் கருக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். காபிக்கொட்டையைப் போலவே பார்லியை வறுத்தால் ஏறக்குறைய அதே கசப்பு, அதே மணம். அவ்வளவுதான் ரகசியம்.

இதில் போய் கிராஃப்ட் பீர்க்காரர்கள் காபியைக் கொட்டி, போதாததற்கு வெனிலாவையும் சேர்க்கிறார்கள். எதுக்குங்க? காபியையாவது மன்னிக்கலாம். நொதித்து முடிந்தபின் நல்ல கொட்டையை ஊறவைத்தால் வறுத்த பார்லிக்குத் துணை நிற்கும். (சீக்கிரம் குடித்துவிட வேண்டும். மாதக்கணக்கில் கிடந்தால் குடைமிளகாய் வாடை அடிக்கலாம்!)

வெனிலா அப்படியல்ல. அதன் மணத்தில் இனிப்பே இல்லை. ஐஸ்கிரீம் தின்று பழகிய மூளைதான் இனிப்பென்று நம்பிவிடுகிறது. கசப்பு மழுங்கிப்போகிறது. கூடவே பீரின் குறைகளும் மறைந்துவிடும், அதுதான் வசதி! அசல் வெனிலாக் காய் யானை விலை. உலகில் விற்கும் வெனிலா மணத்தில் பெரும்பகுதி ஆலையில் தயாரித்த வெனிலின்தான்...

அமெரிக்காவில் கிராஃப்ட் பீர் கிளம்பியதே பெரிய கம்பெனிகளின் சப்பென்ற லாகருக்கு எதிராகத்தான். அன்று கசப்பைத் தைரியமாக ஊற்றிக் கொடுத்தவர்களின் வாரிசுகள் இன்று அதன்மேல் மிட்டாய் பூசுகிறார்கள். முதல் மடக்கு ஜோர். அரை கிளாஸில் திகட்டிவிடும். அதே கடையில் வெனிலா போடாத ஸ்டவுட் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.