எர்த் இல்லாத பிளக் நம் கடையில் எதற்கு?

மளிகைக் கடையில் மின்சாமானுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் நம் கடை முகப்பைப் பார்த்ததில்லை என்றே பொருள். ஷாம்பு சரத்துக்குப் பக்கத்தில் பல்பு, டூ பின் பிளக், மூன்று பின்னை இரண்டு பின்னாக மாற்றும் அடாப்டர் எல்லாம் தொங்குகின்றன. கடைசியாகச் சொன்ன அந்தச் சரக்கை வணிகர்கள் இனி வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம் என்பது நமது திடமான கருத்து.

வெட் கிரைண்டர் பிளக்கில் ஒரு பின் மட்டும் தடிமனாகவும் நீளமாகவும் இருக்கும். அதுதான் எர்த். சொருகும்போது முதலில் தொடவும், பிடுங்கும்போது கடைசியில் விடவுமே அந்த நீளம். உள்ளே ஒயர் தேய்ந்து உலோகப் பகுதியில் மின்சாரம் ஏறினால், எர்த் ஒழுங்காக இருக்கும் வீட்டில் ஃபியூஸ் போய்விடும். எர்த் இல்லாத வீட்டிலோ கிரைண்டர் வழக்கம்போல் ஓடும். ஈரத் தரையில் நின்று ஈரக் கையால் மாவைத் தள்ளிவிடும் பெண்மணியின் உடல் வழியாக மின்சாரம் பூமிக்கு இறங்கும். "ஓடுகிறதே, பிறகென்ன?" என்று நினைக்க வைப்பதுதான் இந்த அடாப்டரின் ஏமாற்று.

சதுரத்துக்குள் சதுரம் முத்திரை உள்ள சாதனங்களுக்கு இரண்டு பின்னே போதும். அவை இரட்டைக் காப்பு உள்ளவை. நம் பேச்சு கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், ஃபிரிட்ஜ் போன்றவற்றைப் பற்றியது.

நாம் தராவிட்டால் எதிர்க்கடையில் வாங்குவார்கள் என்பீர்கள். வாங்கட்டும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தயாரித்தவர் யாரென்று தெரியாத பொருளால் தீங்கு நேர்ந்தால் விற்றவரையே பொறுப்பாக்க இடமுண்டு. பேரும் ஊரும் இல்லாத அட்டையில் வரும் அடாப்டரை பில் இல்லாமல் வாங்கிய கடைக்காரர் யாரைக் கை காட்டுவார்? பொருளில் மாற்றம் செய்து விற்று, அதனால் தீங்கு விளைந்தாலும் பொறுப்பு அவருடையதே. "சாக்கெட்டில் சேரவில்லை அண்ணே" என்று கேட்பவருக்காக எர்த் பின்னைக் கழற்றிக் கொடுக்கும் பாத்திரக்கடை நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 1293 எண்ணும் உள்ள மூன்று பின் பிளக்கை வாங்கி வையுங்கள். பழைய வீட்டுக்காரரிடம், எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த் இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூன்று துளை சாக்கெட் இருந்தும் பின்னால் எர்த் ஒயரே இல்லாத வீடுகளும் உண்டு. வசதியுள்ளவர்கள் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டுக்கொள்வது நல்லது.

மொத்த வியாபாரிகள் இந்த அடாப்டரைத் தருவிப்பதை நிறுத்தினால் சில்லறைக் கடைகளில் அது தானாகவே மறையும். இருக்கும் ஸ்டாக்கைத் திருப்பி அனுப்புங்கள். எடுக்க மறுத்தால் சங்க அலுவலகத்தில் தெரிவியுங்கள், பேசிப் பார்ப்போம்.