கைப்பேசியும் நம் மாலைப் பொழுதும்

நம் கலாசாலை மாணாக்கரைப் பற்றிக் குறை கூறப் புகுவோர் இக்காலத்தில் முதற்கண் எடுத்துரைப்பது, அவர்தம் கையை விட்டகலாத கைப்பேசியையே ஆகும். அங்ஙனம் குறை கூறும் பெரியோரிற் பலர், பேச்சை முடிக்குமுன்னரே தம் சட்டைப்பையை இருமுறை தடவிப் பார்ப்பதையும் யான் கண்டதுண்டு. ஆதலின் இஃது இளைஞர்க்கு மட்டும் உரிய பிணி என்று ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. கைப்பேசியினின்று சிறிது ஓய்வு கொள்ளல் வேண்டும் என்பதில் ஏறக்குறைய எல்லாரும் ஒத்த கருத்தினரே. ஓய்வு கொள்வார் மட்டும் அரியர். இதற்குக் காரணம் நம்மவரின் மனவுறுதிக் குறைவு என்பர் சிலர். யான் அங்ஙனம் கருதவில்லை. இவ்வோய்வு தனியொருவர் செய்யத்தக்க விரதமன்று. ஒரு விடுதியோ ஒரு தெருவோ ஓர் ஊரோ கூடிச் செய்தாலன்றி நிலைபெறாத வழக்கம். இதனைச் சிந்திப்பதற்கு உதவும் பழைய நிகழ்ச்சியொன்று நம் சேலம் நாட்டின் வரலாற்றிலேயே உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

முதலில் கைப்பேசிக்குரிய நன்மதிப்பை அதற்கு அளித்துவிடுதல் நேர்மையாகும். நம் சமவெளியில் வாழ்வோர்க்கு அஃது ஆடம்பரப் பொருளன்று. நாமக்கல்லினின்று புறப்படும் லாரி அஸ்ஸாமுக்கோ காஷ்மீரத்துக்கோ சென்று மீளப் பல வாரங்கள் ஆகும். திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டிகளோடு வடநாடு செல்லும் தொழிலாளர் பல திங்கள் வீடு திரும்பார். முன்னாளில் இவர்தம் மனைவியர் தெருக்கோடித் தொலைபேசிச் சாவடியில் காத்துக் கிடந்தனர். அதற்கும் முன் தபாற்காரரை எதிர்நோக்கினர். இன்று சத்தீஸ்கரின் ஒரு காட்டோரத்தில் வண்டியை நிறுத்திய தகப்பன், தன் மகள் பள்ளியில் வாங்கிய மதிப்பெண்ணை அவள் முகம் பார்த்தே கேட்டறிகிறான். கோழிப்பண்ணை வைத்திருப்போர் முட்டையின் அன்றாட விலையை அதிலேயே அறிகின்றனர். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஓட்டுவோர்க்கு நூல் வந்த செய்தியும் கூலிப் பேச்சும் அதன் வழியாகவே வருகின்றன. இவர்களை நோக்கிக் கைப்பேசியைத் துறமின் என்று உபதேசிப்பவன், பசித்தவன் முன் உபவாசத்தின் பெருமை பேசுபவனை ஒப்பான்.

தொலைவிலுள்ளாரை அண்மையிற் கொணர்வது எதுவோ, அதுவே அண்மையிலுள்ளாரைத் தொலைவில் தள்ளுகின்றது என்பதே நம் வழக்கு. சென்ற ஆண்டு பழைய மாணாக்கர் கூட்டத்திற்கு வந்தபோது நம் விடுதியில் இரவுணவு உண்டேன். நாற்பது பேருக்குக் குறையாமல் அமர்ந்திருந்தனர். எங்கள் காலத்தில் அவ்வுணவறையின் இரைச்சல் பொறுக்கமாட்டாது கண்காணிப்பாளர் மணியடித்து அடக்குவார். அன்றோ, தட்டில் கரண்டி படும் ஓசையும், ஆங்காங்கே கைப்பேசியினின்று எழும் அரை விநாடிப் பாட்டுகளுமன்றி வேறொலி இல்லை. என் பக்கத்தில் அமர்ந்த மாணாக்கர் மிக்க மரியாதையுடையவர். யான் பேசியபோதெல்லாம் நிமிர்ந்து விடையளித்தார். விடையளித்தவுடன் மீண்டும் குனிந்தார். எதிரில் இருந்தவர் பெயரைக் கேட்டேன். மூன்று திங்களாக ஒரே வரிசை அறைகளில் வாழ்ந்தும் அவர் பெயரை இவர் அறிந்திலர்.

இதனை அம்மாணாக்கரின் பண்புக் குறையாகக் கொள்ளுதல் எளிது; ஆயின் அது முழு உண்மையன்று. நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. நாவலுக்கு முற்றும் என்றொரு சொல் உண்டு. கைப்பேசித் திரைக்கு அத்தகைய கரை யாதுமில்லை. விரலால் தள்ளத் தள்ளப் புதியன வந்துகொண்டேயிருக்கும் அமைப்பை 2006இல் வகுத்தவருள் ஒருவரான ஏஸா ராஸ்கின் என்பவரே, பிற்காலத்தில் அதனை எண்ணி வருந்தியதாகக் கூறியுள்ளார். அடுத்து வருவது சுவையுடையதோ சுவையற்றதோ என்பது தெரியாமையே கையை நிறுத்தவொட்டாமற் செய்கின்றது. எப்பொழுதும் வெல்லும் சூதாட்டமும், எப்பொழுதும் தோற்கும் சூதாட்டமும் ஒருவனைக் கட்டி வைக்கமாட்டா. இதற்கென ஊதியம் பெற்று அறிவும் உழைப்பும் செலவிடுவோர் ஆயிரக்கணக்கானோர். அவர்களை எதிர்த்துத் தனியே நிற்பவர் யார்? ராசிபுரத்திலிருந்து வந்து முதலாண்டு படிக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளை! இப்போரில் அவர் தோற்றால் அவரை மட்டும் நொந்துகொள்வது நீதியாகுமா?

பிறரோடு கூடுதல் இருக்கட்டும். தன்னோடு தான் இருத்தலும் அருகி வருகின்றது. சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் பேருந்தில் செல்வோர் ஒரு மணிக்கு மேற்பட்ட பொழுதைச் சும்மா கழிக்கவேண்டியவர்கள். அச்சும்மா இருத்தலில் எத்தனையோ நடந்தேறும். சேகோ ஆலைகளின் களங்களில் மரவள்ளி மாவு பால்போல் பரந்து காய்வதும், கோழிப்பண்ணைகளின் நீண்ட கொட்டகைகளும், கிழக்கே நீலநிறமாய்த் தொடரும் மலைகளும் கண்ணிற்பட்டுக் கழியும். அவற்றைப் பார்த்துக்கொண்டே, நேற்றுத் தாயிடம் கடுமையாகப் பேசியதும், படிப்பு முடிந்தபின் என்செய்வது என்பதும், எவரிடமும் சொல்லாத ஓர் ஆசையும் உள்ளத்தில் எழும். வேண்டி அழைத்தால் வாராத இவ்வெண்ணங்கள் வேலையற்ற நேரத்தில் தாமே வருவன. இன்று அப்பேருந்தில் சாளரத்தோர இருக்கை பெற்றவரும் திரையே நோக்குகின்றனர். கொல்லிமலையின் எழுபது கொண்டையூசி வளைவுகளையும் ஏறிச்சென்ற மாணாக்கர் குழு, ஆகாய கங்கை அருவியின் முன் நின்று, அருவிக்கு முதுகு காட்டித் தம்மையே படமெடுத்துக்கொண்டு திரும்புவதும் காணும் காட்சியே. படமெடுத்தல் குற்றமன்று. ஐந்து நிமிடமேனும் திரும்பி நின்று அருவியைப் பார்த்திருக்கலாம் என்பதே என் மனக்குறை.

டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் வார்டு முதலியோர் 2017இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று இங்கு நினைக்கத்தக்கது. கைப்பேசியை மேசைமேல் வைத்தோர், பையில் வைத்தோர், வேறறையில் விட்டுவந்தோர் எனப் பிரித்துச் சோதித்ததில், வேறறையில் விட்டுவந்தோரே சிறப்பாகச் செய்தனர் என்று அவர்கள் கண்டனர். பின்னர் இதனை மீண்டும் சோதித்தோர் அனைவர்க்கும் அதே முடிவு கிட்டவில்லை. ஆகவே இதனை முடிந்த முடிபாகக் கொள்ளவேண்டுவதில்லை. எனினும், தேர்வுக்கு முந்திய இரவில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படிக்க முயன்ற எந்த மாணாக்கரும் இம்முடிவைக் கண்டு வியப்படையார் என்றே எண்ணுகின்றேன்.

இனித் தனியொருவர் உறுதி பூண்டு ஒதுங்கினால் என்ன நேரும் என்று பார்ப்போம். 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொள்ளைநோயின் பொருட்டுக் கல்விக்கூடங்கள் மூடப்பட்டபோது, வகுப்பறை முழுவதும் கைப்பேசிக்குள் குடிபுகுந்தது. கடன்பட்டேனும் பிள்ளைக்கு ஒரு கைப்பேசி வாங்கித்தந்த பெற்றோர் நம் பக்கத்து ஊர்களில் பலர். நோய் நீங்கிக் கதவுகள் திறந்தன. ஆனால் குடிபுகுந்த வகுப்பறை முற்றும் வெளியே வரவில்லை. தேர்வுக் கூடம் மாறிய செய்தி வாட்ஸாப்பில் வருகின்றது. பயிற்சிக்கு வரவேண்டிய நேரம், கட்டணத்தின் கடைசி நாள், நாளைய வகுப்பின் பாடக்குறிப்பு யாவும் அவ்வழியே வருகின்றன. அவற்றுட் சில இரவு பத்து மணிக்கு மேலும் வருகின்றன. ஆசிரியப் பெருமக்கள் என்னைப் பொறுத்தருள்க. இரவிற் கைப்பேசியை நோக்காதே என்று பகலிற் கூறி, அதனை நோக்காதவன் அறியமுடியாத செய்தியை இரவில் அனுப்புதல் முரண்பாடன்றோ? இந்நிலையில் தனித்து ஒதுங்கும் மாணாக்கர் ஞானியாகமாட்டார். மறுநாட் காலையில் தவறான கூடத்தின் வாயிலில் நிற்பார், அவ்வளவே.

இனி, முன்னர்க் குறித்த நிகழ்ச்சிக்கு வருவோம். 1937ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியான ராஜாஜி அவர்கள், அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் முதல் மதுவிலக்கைத் தொடங்குவதற்குத் தேர்ந்தெடுத்த ஜில்லா நம் சேலமே. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் அன்றைய சேலம் ஜில்லாவில் அடங்கியிருந்தன. 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவி அங்கு வாழ்ந்த அவருக்கு இந்நாட்டு உழவரின் மாலைப் பொழுது நன்கு தெரியும். கள்ளுக்கடை குடிக்குமிடம் மட்டுமன்று. உழைத்துக் களைத்தவன் நாலு பேரைக் காணுமிடமும் அதுவே. கடையை மூடினால் அவன் எங்குச் செல்வான்? இவ்வினாவை அக்காலத்தார் எழுப்பினர் என்பதே யான் வியப்பது. ஆகவே மூடிய கடைக்கு ஈடாகக் கிராமங்களில் விளையாட்டும் பஜனையும் நாடகமும் ஊக்குவிக்கப்பட்டன, தேநீரும் பரவியது.

அம்மதுவிலக்கு முற்றும் வென்றதென்று கூறேன். போர்க்காலத்தில் அது கைவிடப்பட்டது, 1948இல் மாகாணம் முழுமைக்கும் விரிந்தது, 1971இல் தளர்த்தப்பட்டது. அதன் பின்வந்த கதை யாவரும் அறிந்ததே. கள்ளையும் கைப்பேசியையும் ஒன்றென்று கூறவும் யான் துணியேன். ஒரு வேற்றுமை கைப்பேசிக்குப் பாதகமாகவே உள்ளது: கள்ளுக்கடையிலேனும் பக்கத்தில் ஒருவன் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தான்! இதனைக் கள்ளுக்குப் பரிந்துரையாக எவரும் கொள்ளற்க. ஆனால் 1937இல் எழுந்த அவ்வினா இன்றும் நம்முன் நிற்கின்றது. கைப்பேசியை ஒரு மணி நேரம் மூடிவைத்தபின் அம்மணி நேரத்தில் இருக்கப்போவது யாது? விடையில்லாவிடில் மூடிய கை தானே திறந்துகொள்ளும்.

இவ்வினாவுக்கு அண்மைக்காலத்தில் விடை கண்ட ஊர் ஒன்று மகாராஷ்டிரத்தில் உண்டு. ஸாங்லி மாவட்டத்திலுள்ள மோஹித்யாஞ்சே வட்காவ் என்னும் அவ்வூரில் ஏறத்தாழ மூவாயிரம் மக்கள் வாழ்கின்றனர். கரும்பு விளையும் பூமி. கொள்ளைநோய்க் காலத்துக்குப்பின் பிள்ளைகள் பாடத்தை விட்டுத் திரையே கதியெனக் கிடந்ததைக் கண்ட ஊரார், 2022 ஆகஸ்டு 14ஆம் நாள் கூடிப் பேசி, மறுநாளாகிய சுதந்திர தினத்தினின்று ஒரு கட்டுப்பாடு செய்துகொண்டனர். மாலை ஏழு மணிக்கு ஊர்க்கோவிலிலிருந்து சங்கொலி எழும். உடனே கைப்பேசியும் தொலைக்காட்சியும் அணைக்கப்படும். எட்டரை மணிக்கு மீண்டும் ஒலிக்கும்வரை பிள்ளைகள் படிக்க, பெரியோர் படிக்கவோ அளவளாவவோ செய்வர். தொடக்கத்தில் நகைத்தோரும் உண்டு. வீடு வீடாகச் சென்று சொல்லவேண்டியும் இருந்தது. இதில் யான் மதிப்பது அச்சங்கொலியையே. ஒருவன் அணைத்தால் அவன் உலகைவிட்டு விலகியவனாவான். ஊரே அணைத்தால் எவனும் விலகியவனாகான். அந்த ஒன்றரை மணியில் எவர்க்கும் எச்செய்தியும் தவறிப்போவதில்லை; அனுப்புவோரே இல்லையன்றோ?

சட்டத்தால் தடுக்க முற்படும் நாடுகளும் உள. பிரான்சு 2018இல் பள்ளிப் பிள்ளைகள் பள்ளியிற் கைப்பேசியைப் பயன்படுத்துவதை விலக்கிச் சட்டம் செய்தது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயது நிரம்பாதார் சமூக ஊடகங்களிற் கணக்கு வைத்தலைத் தடுத்தது. நம் நாட்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் தமிழகக் கோவில்களுக்குள் கைப்பேசியைத் தடைசெய்யப் பணித்தது. இவை தத்தம் இடத்திற் பயன்படலாம். வயதுவந்த மாணாக்கர் வாழும் கலாசாலை விடுதிக்குச் சட்டமும் சோதனையும் ஏற்றவையல்ல என்பது என் துணிபு. பறித்துப் பூட்டி வைத்தால் இரண்டாவது கைப்பேசியொன்று தலையணையுறைக்குள் முளைக்கும். உயர்நிலைப்பள்ளிக் காலத்தைக் கண்டிப்பு மிக்க விடுதிகளிற் கழித்துவந்த மாணாக்கர் நம்மிடையே பலர் உளர். அவர்கட்கு இக்கலை புதிதன்று.

ஆகவே யான் விண்ணப்பிப்பது மிகச் சிறியது. வாரத்தில் மூன்று நாள், மாலை ஏழரை மணி முதல் எட்டரை மணி வரை, அஃதாவது பண்டைக் கணக்கில் இரண்டரை நாழிகை, விடுதி முழுவதும் கைப்பேசியை அறையில் விட்டுவிட்டு உணவறைக்கும் முற்றத்துக்கும் வருக. மாணாக்கர் தாமே வாக்களித்து இதனை ஏற்கவேண்டும். பெரும்பான்மையோர் ஏற்காவிடில் தொடங்கவேண்டா. கண்காணிப்பாளரும் பணியாளரும் உடன் இருப்பின் அவர்கட்கும் இதே விதி. அந்த ஒரு மணியில் மட்டுமன்றி, எல்லா நாளும் மாலை ஏழு மணிக்குப்பின் கலாசாலையினின்று எந்த அறிவிப்பும் செல்லாதிருத்தல் வேண்டும். மறுநாள் அறியவேண்டியது அறிவிப்புப் பலகையில் எழுதப்படுக. முற்றத்தில் கேரம் பலகையும் நாளிதழும் இருக்கட்டும். இசை அறிந்தோர் இசைக்கட்டும். ஒன்றும் செய்யாது சேர்வராயன் மலையின் விளக்குகளை நோக்கி நிற்க விழைவோரை எவரும் வினவாதிருக்கட்டும்.

இதற்கு வரக்கூடிய தடைகளுள் ஒன்றே வலியது. அம்மணி நேரத்தில் வீட்டில் இடர் நேர்ந்தால் என்செய்வது என்பது அது. கண்காணிப்பாளர் அறையிலுள்ள தொலைபேசியின் எண்ணைச் சேர்க்கையின்போதே பெற்றோர்க்கு அளித்து, அதனருகே முறைவைத்து ஒரு மாணாக்கர் அமர்ந்திருப்பாராயின் இடர்ச்செய்தி தடைப்படாது. லாரியிலும் போர்வெல் வண்டியிலும் தொலைநாட்டிற் கிடக்கும் தந்தையரையுடைய மாணாக்கர் நிலை இன்னும் நுட்பமானது; அவர் வண்டியை நிறுத்திப் பேசக்கூடிய வேளையும் பெரும்பாலும் இதுவே. அத்தகையோர்க்கு அம்மூன்று நாட்களிலும் விலக்கு அளித்து, பேசுவதற்கெனத் தனியே ஓர் அறையும் ஒதுக்கவேண்டும். யார் அத்தகையோர் என்பதை விடுதி மாணாக்கர் தமக்குள் விசாரித்தே அறியவேண்டியிருக்கும். இரண்டாம் பருவத் தொடக்கத்தில் அவ்விசாரணையிலிருந்தே இதனைத் தொடங்கலாம்.