சுவருக்கு முன் வரிசை

பினாங்கு ஜார்ஜ்டவுனின் லெபோ ஆர்மேனியன் தெருவில் ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் 2012இல் சுவரில் வரைந்த சைக்கிள் பிள்ளைகளோடு படமெடுக்க இன்றும் கூட்டம் நிற்கிறது. படம் உலகம் சுற்றுகிறது. 2000இல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும் ஜார்ஜ்டவுன் கடைவீடுகளைக் காலிசெய்து போனவர்கள் அதில் இல்லை. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊருக்குக் கூரை ஓடும் தூணும் மட்டுந்தானா பாரம்பரியம்? லெபோ பாசாரில் பூக்கட்டும் அக்காவை நம் பிள்ளைகள் கைப்பேசியில் காணொளி எடுக்கட்டும்: மல்லிகையை நூலில் சுண்டி இறுக்கும் விரல், கூடவே வாடகை ஏறிய கதை அவர் வாயாலேயே. (சோக வயலின் மட்டும் வேண்டாம், புண்ணியமாய்ப் போகும்.) வெளியிடுமுன் அவரிடம் போட்டுக்காட்டிச் சம்மதம் வாங்குங்கள். லைக் எண்ணுவது அப்புறம். முதலில் அதைத் தொகுதியின் மக்கள் பிரதிநிதியான ஒய்.பி.யின் வாட்சாப்புக்கு அனுப்புங்கள், வாடகை பற்றி என்ன செய்யப்போகிறார் என்ற கேள்வியோடு.