புதுக் கெர்னல் மீது பழி

“கெர்னலை மாற்றினார்கள், நிரல் நொண்டத் தொடங்கிவிட்டது. பழையதையே போட்டுவிடு!” – ஆய்வுக்கூடத்தில் இப்பேச்சைக் கேளாத மாணவர் நம்மில் இரார். எட்டு இழைகளாய் ஓடும் நிரல் நேற்று நாற்பது நிமிடத்தில் முடிந்தது; இன்று ஐம்பது ஆகிறது. கோபம் வருவது இயற்கையே. ஆனால் கோபம் தீர்ப்பாகுமா, தோழர்களே? புதிதாய் வந்தவன் மீதே முதற்பழி விழும் என்பதைப் பிழைப்புத் தேடி வந்த குடியில் பிறந்த நமக்கு யாரும் சொல்லவா வேண்டும்! பழைய கெர்னலுக்குத் திரும்புவோர் அதன் அடைபடாத ஓட்டைகளையும் உடன் அழைத்து வருகின்றனர். அதனினும் கேடு, காரணம் அறியாத அந்த நிமிடக் கணக்கை ஆய்வேட்டில் அச்சேற்றுவது.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன். 2001 பிப்ரவரியில் எங்கள் சுரங்கம் மூடப்பட்டது. அங்கே நடந்த ஆராய்ச்சி மட்டும் உலக ஏடுகளில் வாழ்கிறது. தரைக்கு மேல் அண்டக் கதிர்களின் இரைச்சல் மிகுதி. ஆகவே டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார், ஒசாகா, டர்ஹாம் பல்கலைக் கழகத்தாருடன் கூடி, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்திற்குக் கருவிகளை இறக்கினர். 1965இல் வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைக் கண்டனர். முதலில் இரைச்சலை ஒடுக்கினர், பிறகே அளந்தனர். நம்மவரோ, கெர்னலுடன் கம்பைலரும் நூலகங்களும் சேர்ந்தே மாறிய யந்திரத்தில் ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்த்துத் தீர்ப்பெழுதுகின்றனர்!

கெர்னல் குற்றமே செய்யாது என்று நான் வாதிடவில்லை. எந்த இழைக்கு எந்தச் செயலகம், எவ்வளவு நேரம் என்று பங்கிடும் முறையே இருமுறை மாறியிருக்கிறது. 2007இல் 2.6.23 பதிப்பில் சி.எஃப்.எஸ். வந்தது, 2023இல் 6.6 பதிப்பில் அதன் இடத்தை ஈ.ஈ.வி.டி.எஃப். பிடித்தது. சில செயலகங்கள் சும்மா கிடக்க, ஓடத் தயாரான இழைகள் வேறிடத்தில் வரிசையில் நின்ற பிழைகளை 2016இல் ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினர்.

2018இல் நடந்ததோ வேறு கதை. மெல்ட்டவுன், ஸ்பெக்டர் எனும் செயலிக் குறைகள் அவ்வாண்டு சனவரியில் வெளிப்பட்டன. அவற்றுக்கு இட்ட காப்பினால், பல செயலிகளில் நிரல் கெர்னலுக்குள் புகுந்து மீளும் ஒவ்வொரு முறையும் செலவு கூடிற்று. கணக்கிலேயே மூழ்கிக் கிடக்கும் நிரலுக்கு இது பெரிதன்று. ஒரே பூட்டுக்காக எட்டு இழைகள் மோதும் நிரலோ அடி வாங்கும். பூட்டுக் கிடைக்காத இழை கெர்னலிடம் சென்றுதானே உறங்க வேண்டும்? ஷாஃப்டில் கூண்டு ஒன்றுதான் என்றால், வாயிலில் நிற்கும் ஷிப்டு ஆட்களை இரட்டிப்பதால் தங்கம் இரட்டிக்காது. இங்கே பாதிக் குற்றம் நிரலை எழுதியவருடையது. இதைச் சொன்னால் பலருக்குப் பிடிப்பதில்லை.

கண்டறியும் வழி கடினமன்று. ஒரே யந்திரம், ஒரே நிரல், இரு கெர்னல்கள். ஒவ்வொன்றிலும் பலமுறை ஓட்டம். முதலில் ஓர் இழையுடன் ஓட்டுக. அப்பொழுதே வேறுபாடு தெரிந்தால் இழைகளைப் பங்கிடும் முறையின் மீது ஐயம் குறையும். செயலியின் வேக அமைப்பு, நினைவகம், காப்புகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பல இழைகளில் மட்டும் தெரிந்தால், ஒவ்வோர் இழையையும் ஒரு செயலகத்தில் கட்டிப் போட்டு ஓட்டுக. வேறுபாடு மறைந்ததா? பங்கிடும் முறையே முதற்சந்தேகக் கைதி. இழைகள் எத்தனை முறை இடம் மாறின, எத்தனை முறை உறங்கின என்பதைப் ‘பெர்ஃப்’ கருவி எண்ணிச் சொல்லும்.

உள்ளே இன்னும் ஆழமாய்த் துருவ, பெங்களூர் ஐ.பி.எம். பொறியாளர் உழைப்பும் சேர்ந்த ‘கே-புரோப்ஸ்’ 2004 முதல் கெர்னலிலேயே இருக்கிறது. அடுத்தடுத்த இரு பதிப்புகளுக்கிடையே பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் இருப்பினும், பாதி பாதியாய்ப் பிரித்துத் தேடினால் பதினான்கு சோதனைகளில் குற்றவாளியை நெருங்கிவிடலாம். ஒரு வார இறுதி போதும். அதுவரை இரண்டு கெர்னல்களும் யந்திரத்தின் தொடக்கப் பட்டியலில் இருக்கட்டும். ஆய்வேட்டின் ஒவ்வொரு நேர அட்டவணையின் கீழும் கெர்னலின் பதிப்பெண்ணை அச்சிடும்படி துறைகளை நம் சங்கம் கேட்கட்டும்.