தனுஷ்கோடி நிலையம் தரும் படிப்பினை

2024 ஃபெஞ்சல் புயலில் மரக்காணத்து உப்பளங்கள் மூழ்கக் கண்ட நமக்குத் தனுஷ்கோடி அந்நியமன்று. 1914 முதல் இலங்கைக்குக் கப்பலேறுவோரை வழியனுப்பிய அவ்வூர் ரயில் நிலையம், 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த ரயிலை அலைகள் விழுங்கின. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வாழத் தகுதியற்றதென அரசு அறிவித்த அவ்வூருக்கு ரயில் திரும்பவேயில்லை.

இன்று அவ்விடிபாடுகளின் முன் சிரித்தபடி செல்ஃபி எடுக்கிறோம். சிலரோ அதை இறைதண்டனை என்கின்றனர். இரண்டும் தவறு. நீரில் மூழ்கி இறக்கும் இறைநம்பிக்கையாளருக்கு ஷஹீதின் நற்கூலியை நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்க, தீர்ப்பளிக்க நாம் யார்?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டே இறைவனைச் சார்ந்திருக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. புயல் எச்சரிக்கை வந்தால், மதம் பாராது அண்டைவீட்டாருக்குப் பள்ளிவாசல் கதவுகளைத் திறப்போம். அதுவே மெய்யான படிப்பினை.